இல்லறத்திற்கும் ஓர் ஆண்டுச் சோதனை

ஓட்டுக் கூரையின்கீழ் வளர்ந்தவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். ஓடு உடையும் நாளில் வீடு ஒழுகுவதில்லை. கோடைக் காற்றிலோ, பூனையின் ஓட்டத்திலோ ஓர் ஓடு சற்றே நகர்ந்துவிடும். அதனை எவரும் கவனிப்பதில்லை. ஐப்பசி அடைமழை பிடித்த இரவில், உறங்கும் குழந்தையின் முகத்தில் நீர் சொட்டும்போதுதான் வீடு விழித்துக்கொள்கிறது. அப்போது ஏணி வைத்து ஏறவும் இயலாது. ஆகவேதான் பெரியவர்கள் ஆண்டுதோறும் மழைக்கு முன்னரே ஆள் வைத்துக் கூரையைப் பார்த்துவிடுவார்கள். ஒழுகாத கூரையை ஏன் பார்க்கிறீர்கள் என்று எவரும் அவர்களைக் கேட்டதில்லை.

கூரைக்குக் காட்டும் இம்முன்யோசனையை நாம் இல்லறத்திற்குக் காட்டுகிறோமா? இக்கட்டுரை எழுப்பும் வினா இதுவே.

பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் உறவில் ஓர் இணையரின் பிணக்கைத் தீர்க்கப் பெரியவர்கள் கூடியிருந்தார்கள். இளையவன் என்ற முறையில் நான் ஓர் ஓரத்தில் அமர்ந்திருந்தேன். மணமாகிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அடி, உதை, குடி, கடன் என்று சொல்லத்தக்க குற்றம் எதுவும் எத்தரப்பிலும் இல்லை. அந்தப் பெண்மணி, "பெரியத்தா, நான் எதுவும் பெரிசாக் கேக்கலை. வீட்டுக்கு வந்தா இன்னிக்கு எப்படி இருந்தேன்னு ஒரு வார்த்தை கேக்கலாம்ல?" என்றார். கணவர் தலை கவிழ்ந்தபடி, "அது வேணும்னு எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே" என்றார். பெரியவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "இந்தப் பேச்சைப் பத்து வருசத்துக்கு முன்னாடி பேசியிருக்கணும்" என்று மட்டும் சொன்னார். அன்று அவர்கள் சேரவில்லை. கேட்க வேண்டிய வினாவும் சொல்ல வேண்டிய விடையும் ஒரே வீட்டில் பதினெட்டு ஆண்டுகள் இருந்தும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை என்பது இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது.

தேய்வின் இயல்பு

இல்லறம் பெரும்பாலும் ஒரே அடியில் உடைவதில்லை, தேய்கிறது. மனநிறைவு காலப்போக்கில் எவ்வாறு மாறுகிறது என்பதைக் குறித்துப் பல நாடுகளில் நீண்டகால ஆய்வுகள் நிகழ்ந்துள்ளன. அவற்றைத் தொகுத்து மதிப்பிட்ட ஓர் ஆய்வு 2021ஆம் ஆண்டு வெளிவந்தது. உறவு தொடங்கிய முதல் பத்து ஆண்டுகளில் சராசரி மனநிறைவு குறைந்துகொண்டே செல்கிறது என்பதும், பத்தாம் ஆண்டளவில் அது தாழ்ந்த நிலையை எட்டிப் பின் இருபதாம் ஆண்டு வரை ஓரளவு உயர்கிறது என்பதும், அதன்பின் மீண்டும் இறங்குகிறது என்பதும் அதன் முடிபுகள். வயதை அளவாகக் கொண்டு நோக்கினால் நாற்பதாவது வயதையொட்டி மனநிறைவு மிகக் குறைந்திருப்பதாகவும் அவ்வாய்வு காட்டுகிறது. பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் முதுமை, பணியின் சுமை ஆகிய மூன்றும் ஒருங்கே தோள்மேல் ஏறும் வயது அது. நாற்பதைக் கடந்தவனாகிய எனக்கு இதனைப் புள்ளிவிவரம் கொண்டு மெய்ப்பிக்க வேண்டியதில்லை.

சராசரி என்பது விதியன்று. இறங்காத இல்லறங்களும் உள. இறங்கும் இல்லறத்தில் நிகழ்வதென்ன என்பதை அறிய முற்பட்டவர்களுள் அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் குறிப்பிடத்தக்கவர். அவரும் இராபர்ட் லெவன்சனும் இணையர்களை அமரவைத்து, அவர்கள் கருத்து வேறுபடும் ஒரு பொருளைக் குறித்துப் பேசச் செய்தனர். அப்பேச்சையும் முகக்குறிப்பையும் இதயத்துடிப்பையும் பதிவு செய்து, பல ஆண்டுகள் அவ்விணையரைத் தொடர்ந்தனர். நிலைத்த இணையரும் சண்டையிட்டார்கள் என்பதே அவர்கள் கண்ட முதல் உண்மை. ஆயினும் அச்சண்டைக்கு நடுவிலும் ஒரு கசப்புக்கு ஏறத்தாழ ஐந்து என்ற அளவில் நயமான சொல்லும், நகையும், தலையசைப்பும் அவர்களிடையே இருந்தன. நிலையாத இணையரிடம் இவ்விகிதம் குலைந்திருந்தது.

உறவை அரிக்கும் நான்கு பழக்கங்களைக் காட்மன் சுட்டுகிறார். செயலைக் குறை கூறாது ஆளையே குறை கூறல் முதலாவது. "இன்று தாமதமாக வந்தீர்கள்" என்பது முறையீடு. "நீங்கள் எப்போதுமே பொறுப்பற்றவர்" என்பது ஆள்மீது வைக்கும் குற்றச்சாட்டு. எது சொன்னாலும் தன்னைக் காத்துக்கொள்ளவே முனைதல் இரண்டாவது. பேச்சை அறுத்து மதில்போல் மௌனமாகிவிடுதல் மூன்றாவது. இகழ்ச்சி நான்காவது. உதட்டைச் சுழித்தல், பிறர்முன் எள்ளி நகையாடல், பிறந்த வீட்டைப் பழித்தல் ஆகியவை இதன் வடிவங்கள். நான்கனுள் மிகக் கொடியது இகழ்ச்சியே என்பது அவர் கருத்து. எந்த இணையர் பிரிவர் என முன்கூட்டிக் கணிக்க இயலும் என்று அவர் கூறியதைப் பிற ஆய்வாளர் சிலர் ஏற்கவில்லை. எனினும் இந்நான்கு பழக்கங்களையும் தம் வீட்டில் காணாதவர் மிகச் சிலரே எனலாம்.

இணையரிடையே எழும் பிணக்குகளுள் 69 விழுக்காடு என்றுமே முற்றாகத் தீராதவை என்றும் காட்மன் எழுதியுள்ளார். ஒருவர் சிக்கனமானவர், மற்றவர் தாராளமானவர். ஒருவர் உறவினரை நாடுபவர், மற்றவர் தனிமையை நாடுபவர். இத்தகைய வேறுபாடுகள் முதுமைவரை தொடரும். பிணக்கே இல்லாத வீடு வேண்டும் என்று காத்திருப்பவர் ஏமாறுவார். தீராத பிணக்கோடு இகழ்ச்சியின்றி வாழக் கற்றுக்கொள்வதே இல்லறக் கல்வி.

உடலும் அறியும்

இவை மனத்தைச் சார்ந்தவை மட்டுமே என்று ஒதுக்கிவிட இயலாது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் 42 இணையரை இருமுறை ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள் தங்கவைத்தனர். ஒவ்வொரு முறையும் அவர்களின் கையில் மிகச் சிறிய கொப்புளப் புண்கள் உண்டாக்கப்பட்டன. ஒருமுறை ஒருவர்க்கொருவர் ஆதரவாக உரையாடினர். மறுமுறை தம் பிணக்கைக் குறித்து உரையாடினர். பிணக்கைப் பேசிய முறை புண் ஆறக் கூடுதல் நாள் ஆயிற்று. பகைமை மிகுந்து பேசிய இணையரின் புண்கள், அவ்வாறு பேசாதோரின் புண்கள் ஆறிய வேகத்தில் 60 விழுக்காட்டு வேகத்திலேயே ஆறின. 2005இல் வெளியான ஆய்வு இது. சுடுசொல் தோலையும் சுடுகிறது என்பது இங்கு உருவகமன்று. அளந்து காட்டப்பட்ட உண்மை.

முதுமையைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938 முதல் நடைபெற்றுவரும் வாழ்க்கை வளர்ச்சி ஆய்வின் ஒரு பகுதியாக, எண்பது வயதையொட்டிய 47 இணையரிடம் நாள்தோறும் அவர்களின் உடல்வலியையும் மனநிலையையும் கேட்டறிந்தனர். இல்லறத்தில் நிறைவு கண்டவர்களுக்கு உடல்வலி மிகுந்த நாளிலும் மனமகிழ்ச்சி குன்றவில்லை. நிறைவு காணாதவர்களுக்கு உடல்வலி மனவலியாகவும் பெருகியது. இதன் முடிபுகள் 2010இல் வெளிவந்தன. நாற்பதில் நாம் பழுதுபார்க்கும் கூரை எண்பதில் நம்மைக் காக்கும் என்று இதனைப் புரிந்துகொள்ளலாம்.

இல்லற நலச் சோதனை

பல்வலி வந்தபின் மருத்துவரிடம் ஓடுவது ஒரு முறை. வலி வருமுன் ஆண்டுக்கு ஒருமுறை பல்லைக் காட்டிவருவது மற்றொரு முறை. இரண்டாம் முறையை இல்லறத்திற்கும் பொருத்தினால் என்ன என்று சிந்தித்தவர் ஜேம்ஸ் கார்டோவா. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் உள்ள கிளார்க் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர். அவர் வகுத்த முறை இல்லற நலச் சோதனை எனப்படுகிறது. இதனை விளக்கும் அவரது நூல் 2009இல் வெளிவந்தது.

இது நீண்ட மருத்துவமன்று; இரண்டே அமர்வுகள் கொண்டது. முதலில் இருவரும் தனித்தனியே வினாப்படிவங்களை நிரப்புகின்றனர். பின்னர்ப் பயிற்சி பெற்ற ஓர் ஆற்றுப்படுத்துநர்முன் அமர்கின்றனர். அவர் கேட்கும் தொடக்க வினா பிணக்கைப் பற்றியதன்று. "நீங்கள் எவ்வாறு சந்தித்தீர்கள்? ஒருவரிடம் ஒருவர் கண்ட நன்மை எது?" என்றே அவர் தொடங்குகிறார். அதன்பின் உறவின் வலிமைகள் பேசப்படுகின்றன. இறுதியில், இருவரும் தம் மனத்தில் உள்ள முதன்மையான கவலையைச் சொல்ல, அது நிதானமாக ஆராயப்படுகிறது. சில நாள்கள் கழித்து நிகழும் இரண்டாம் அமர்வில், தாம் கண்டவற்றை ஆற்றுப்படுத்துநர் இருவர்க்கும் எடுத்துரைக்கிறார். வலிமைகள் இவை, கவனிக்க வேண்டியவை இவை, நீங்கள் செய்யத்தக்கவை இவை என்று முன்வைக்கிறார். எதைச் செய்வது என்பதை இணையரே முடிவு செய்கின்றனர். ஓராண்டு கழித்து மீண்டும் வருகின்றனர்.

இங்கு இரு நுட்பங்கள் நோக்கத்தக்கன. ஒன்று, வலிமையை முன்னிறுத்தல். நம் பஞ்சாயத்துகள் குற்றத்தில் தொடங்கிக் குற்றத்தில் முடிகின்றன. அங்கு வருவோர் வழக்காளிகளாகவே வந்து வழக்காளிகளாகவே திரும்புகின்றனர். தாம் விரும்பி வாழ்ந்த நாள்களை முதலில் நினைவுகூர்ந்தவர் பின்பு குறையைச் சொல்லும்போது அவர் குரல் மாறிவிடுகிறது.

மற்றொன்று, சினத்திற்கு அடியில் உள்ள உணர்வைத் தேடுதல். சினம், வெறுப்பு, ஏளனம் ஆகியவற்றை உளவியலார் வன்மையான உணர்வுகள் என்பர். இவற்றின் அடியில் பெரும்பாலும் அச்சம், தனிமை, புறக்கணிக்கப்பட்ட வருத்தம் முதலிய மென்மையான உணர்வுகள் மறைந்திருக்கும். எடுத்துக்காட்டாக, "எப்போது பார்த்தாலும் உங்கள் தம்பிக்குத்தான் பணம்" என்று மனைவி கடிந்து கூறுவதாகக் கொள்வோம். இது கணவன் காதில் தன் குடும்பத்தின்மீது தொடுத்த போராக விழுகிறது. அவன் தன்னைக் காத்துக்கொள்ள முனைகிறான். போர் மூள்கிறது. பொறுமையோடு வினவினால், "நாளை எனக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு தேவை வந்தால் யார் இருக்கிறார் என்ற பயம் வருகிறது" என்ற சொல் வெளிப்படக்கூடும். முதற்சொல்லை எதிர்த்து வாதிடலாம். இரண்டாம் சொல்லை எதிர்த்து வாதிட எவராலும் இயலாது. அதற்கு விடை அருகில் அமர்வதே. சோதனையில் ஆற்றுப்படுத்துநர் ஆற்றும் தலையாய பணி, முதற்சொல்லிலிருந்து இரண்டாம் சொல்லுக்கு இருவரையும் அழைத்துச் செல்வதாகும்.

பயன் உண்டா?

நல்லெண்ணம் மட்டும் சான்றாகாது. கார்டோவா குழுவினர் தம் முறையை முறைப்படி ஆய்ந்து 2014இல் முடிபுகளை வெளியிட்டனர். 215 மணமான இணையர் இதில் பங்கேற்றனர். சீட்டுக் குலுக்குவதுபோல் எவ்விதச் சார்புமின்றி இணையர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்கு முதல் ஆண்டின் தொடக்கத்திலும் இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலும் சோதனை நிகழ்ந்தது. மறு பிரிவினர் காத்திருந்தனர். இரண்டு ஆண்டுகளில் ஒன்பது முறை அனைவரும் வினாப்படிவங்களை நிரப்பினர். சோதனைக்கு வந்தோரிடம் மனநிறைவும், நெருக்கமும், தாம் உள்ளவாறே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்னும் உணர்வும் காத்திருந்தோரைவிட மிகுந்து காணப்பட்டன.

மிகுதி எவ்வளவு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அது சிறிய அளவிலிருந்து நடுத்தர அளவு வரையிலானதே. இரண்டு அமர்வுகளில் இல்லறம் சோலையாகிவிடும் என்று எவரும் கூறவில்லை. மேலும், பங்கேற்றோர் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் தாமே முன்வந்தவர்கள். பெரும்பாலோர் வெள்ளை இனத்தவர். சராசரி வயது நாற்பதின் நடுப்பகுதி. கூட்டுக் குடும்பத்தில், மாமியாரும் நாத்தனாரும் சூழ வாழும் நம் இணையர்க்கு இதே பயன் கிட்டும் என்று இதனைக் கொண்டு உறுதி கூற இயலாது. ஆயினும், பெரிய கேடு வருமுன் செய்யப்படும் சிறிய கவனிப்புக்குப் பயன் உண்டு என்பதற்கு இது தக்க சான்றாகும். பின்னர் இம்முறை அமெரிக்க விமானப்படையினரின் பொது மருத்துவ நிலையங்களில் அரைமணி நேர அமர்வுகள் மூன்றாகச் சுருக்கி அமைக்கப்பட்டது. இரத்த அழுத்தம் பார்க்கும் இடத்திலேயே இல்லறத்தின் அழுத்தமும் பார்க்கப்பட்டது என்பது சிந்திக்கத்தக்கது.

மூன்றாமவர் கண்

ஆற்றுப்படுத்துநரே இல்லாமலும் ஓரளவு பயன் பெறலாம் என்பதை மற்றோர் ஆய்வு காட்டுகிறது. ஈலை ஃபிங்கெல் என்னும் உளவியலாளரும் அவர்தம் குழுவினரும் சிகாகோ வட்டாரத்து 120 இணையரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்தனர். முதல் ஆண்டில் அனைவரின் உறவுத் தரமும் சற்றே இறங்கியது. இரண்டாம் ஆண்டில் பாதிப் பேருக்கு மட்டும் ஓர் எழுத்துப் பயிற்சி தரப்பட்டது. அண்மையில் நேர்ந்த ஒரு பிணக்கை, இருவர் நலத்தையும் நாடும் நடுநிலையாளர் ஒருவர் எவ்வாறு காண்பார் என்று எண்ணி எழுத வேண்டும். அவ்வாறு காண்பதற்குத் தடையாக இருப்பது எது, அத்தடையை எவ்வாறு கடப்பது என்பவற்றையும் எழுத வேண்டும். ஒருமுறைக்கு ஏழு நிமிடம். நான்கு மாதத்திற்கு ஒன்றாக ஆண்டில் மூன்று முறை. மொத்தம் 21 நிமிடம்.

எழுதாதோரின் இறக்கம் தொடர்ந்தது. எழுதியோரின் இறக்கம் நின்றது. 2013இல் வெளியான இவ்வாய்வில் மற்றொரு நுட்பமும் உண்டு. எழுதியோரிடம் பிணக்குகள் குறைந்துவிடவில்லை. அப்பிணக்குகள் தந்த மனவேதனையே குறைந்தது. தீராத பிணக்கோடு வாழும் கல்வி என்று முன்னர்க் குறிப்பிட்டது இதனையே.

நம் மரபில் வாயில்கள்

மூன்றாமவரின் நடுநிலைக் கண் உறவுக்கு மருந்தாகும் என்பது தமிழ் மாணவர்க்குப் புதிய செய்தியன்று. தொல்காப்பியக் கற்பியல், ஊடல் நேரும்போது கணவன் மனைவியரிடையே தூது நிற்கும் வாயில்களாகத் தோழி, தாய், பாங்கன், பாணன், விருந்தினர், அறிவர் முதலாகப் பன்னிருவரை எண்ணுகிறது. இப்பட்டியலின் இறுதியில் நிற்பவர் கண்டோர். வழியில் கண்டவருக்கும்கூட இரு மனங்களைச் சேர்க்கும் உரிமையை நம் இலக்கணம் தந்துள்ளது. ஊடலைக் குற்றமாகக் கருதாமல் மருதத்தின் உரிப்பொருளாகவே வைத்த மரபு இது. திருவள்ளுவரும் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்னும் மூன்று அதிகாரங்களோடு தம் நூலை நிறைவு செய்தார். ஊடலை உப்போடு ஒப்பிட்டு, அளவு மிகுவதன் கேட்டையும் உணர்த்தினார். உப்பின் அளவை அறிய அடிக்கடி சுவைத்துப் பார்க்க வேண்டும் என்பதைச் சமைப்போர் அறிவர்.

இஸ்லாமிய மரபிலும் இவ்வகைக் கவனிப்புக்குச் சான்றுகள் உள. கணவன் மனைவியரிடையே பிளவு நேரும் என அஞ்சினால் இரு குடும்பத்தாரிடமிருந்தும் ஒவ்வொரு நடுவரை ஏற்படுத்துமாறு திருக்குர்ஆன் நான்காம் அத்தியாயத்தின் 35ஆம் வசனம் பணிக்கிறது. நடுவர் தேவைப்படுவது பிளவு நேர்ந்தபின் அன்று, பிளவை அஞ்சும்போதே என்பது இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. நாமோ அச்சம் எழும் காலத்தை வீண்போக்கிப் பிளவு முற்றியபின் ஜமாஅத்தையும், அதன்பின் நீதிமன்றத்தையும் நாடுகிறோம். இந்தியாவில் 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டமும் இணக்கத்திற்கு முயல வேண்டிய கடமையை நீதிமன்றத்தின்மீது சுமத்துகிறது. ஆனால் நீதிமன்றப் படியேறிய இணையர்க்கு அது பெரும்பாலும் காலம் கடந்த மருந்தே.

புகாரி நபிமொழித் தொகுப்பில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. சல்மான் (ரலி) அவர்கள் தம் சகோதரராக ஆக்கப்பட்ட அபூதர்தா (ரலி) அவர்களைக் காண அவர் இல்லம் சென்றார்கள். அவர்தம் துணைவியார் பேணுதலற்ற உடையில் இருக்கக் கண்டு காரணம் வினவினார்கள். கணவர் உலக நாட்டமின்றி நோன்பிலும் இரவு வணக்கத்திலும் ஆழ்ந்துவிட்டமை அப்போது வெளிப்பட்டது. சல்மான் (ரலி) அவர்கள் அபூதர்தாவைத் தம்மோடு உண்ணவைத்து, உறங்கவைத்து, இறைவனுக்குள்ள உரிமையைப் போலவே உடலுக்கும் குடும்பத்திற்கும் உரிமை உண்டு என்று எடுத்துரைத்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சல்மான் கூறியது உண்மை என்று உறுதிப்படுத்தினார்கள். அந்த அம்மையார் எவரிடமும் முறையிடச் செல்லவில்லை. வந்தவர் பார்த்தார், பார்த்தவர் கேட்டார். தொல்காப்பியர் கூறும் விருந்தினரும் கண்டோரும் இவரே அல்லரோ?

இவ்வாயில்கள் இன்று பெரிதும் அடைபட்டுவிட்டன. நகரத்து அடுக்ககத்தில் தோழியில்லை. வளைகுடாவில் பணிபுரியும் கணவனுக்கும் ஊரில் வாழும் மனைவிக்கும் இடையே தொலைபேசி உண்டு. அருகிருந்து முகம் பார்ப்பவர் இல்லை. வாயில் அடைபட்ட வீட்டில், கணவனும் மனைவியும் தமக்குத்தாமே வாயிலாக வேண்டியுள்ளது.

வீட்டளவில் ஒரு முறை

பயிற்சி பெற்றவர் கிடைப்பின் அவரை நாடுவது நலம். கிடைக்காதபோது மேற்கண்ட ஆய்வுகளின் கூறுகளை ஒட்டி வீட்டளவில் ஓர் எளிய முறையைக் கைக்கொள்ளலாம். இது ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்ட முறையன்று, அதன் நிழலே.

முதலாவது, நாள் குறித்தல். ஆண்டில் ஒரு நாளை முன்னரே குறிக்க வேண்டும். திருமண நாளாகவோ, கோடை விடுமுறையின் முதல் வாரமாகவோ இருக்கலாம். சண்டை நடந்த மறுநாள் ஆகாது. மழையில் ஏணி வைப்பதற்கு அது ஒப்பாகும்.

இரண்டாவது, நினைவிலிருந்து தொடங்குதல். முதல் ஆண்டுகளின் இனிய நிகழ்ச்சிகளை இருவரும் பேச வேண்டும். அதன்பின் ஒருவரிடம் மற்றவர் மதிக்கும் பண்புகள் மூன்றை, உரிய நிகழ்ச்சியோடு எடுத்துச் சொல்ல வேண்டும். "நீ நல்லவள்" என்பது போதாது. "என் தாயார் படுத்திருந்த நாள்களில் நீ இரவெல்லாம் விழித்திருந்தாய்; அதை நான் மறக்கவில்லை" என்பதே பாராட்டு. இருபது ஆண்டுகள் சொல்லப்படாதிருந்த ஒரு நன்றி அன்று வெளிப்படலாம்.

மூன்றாவது, ஒரே ஒரு கவலை. மனத்தில் பத்து இருப்பினும் ஒருவர் ஒன்றை மட்டுமே சொல்ல வேண்டும். "நீ" என்று தொடங்காமல் "எனக்கு" என்று தொடங்க வேண்டும். கேட்பவர் விடையிறுக்கலாகாது. கேட்டதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லி, "நீ கூறியது இதுதானே?" என்று வினவ வேண்டும். ஆம் என்ற விடை வந்தபின்னரே தம் கருத்தைச் சொல்லலாம். படிப்பதற்கு எளிதாகத் தோன்றும் இதுவே நடைமுறையில் மிகக் கடினமானது.

நான்காவது, ஒரு சிறு செயல். வாக்குறுதிகளைக் குவிக்காமல், இருவரும் நாளை முதல் செய்யத்தக்க ஒவ்வொரு செயலை மட்டும் ஏற்க வேண்டும். இரவு உணவின்போது கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிடுதல் என்ற அளவினதாக அது இருந்தால் போதும். பின் அடுத்த சோதனைக்கு நாள் குறித்துவிட வேண்டும். இடையில் நான்கு மாதத்திற்கு ஒருமுறை ஏழு நிமிட எழுத்துப் பயிற்சியையும் மேற்கொள்ளலாம். எழுதப் படிக்கத் தெரிந்த எவர்க்கும் இதில் செலவில்லை.

ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. அடியும் அச்சுறுத்தலும் நிலவும் வீட்டிற்கு இம்முறை பொருந்தாது. அங்கு மனம் திறந்து பேசுவதே பேசுபவருக்கு ஆபத்தாகலாம். அவ்விடத்தில் தேவைப்படுவது பாதுகாப்பு. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் அதற்கென்றே இயற்றப்பட்டது. பொறுத்துப்போ என்று அத்தகைய பெண்ணிடம் கூறும் பெரியவர் நடுவராகார். பிணக்கையும் வன்முறையையும் ஒன்றாக எண்ணி அறிவுரை கூறுவது பெரும் பிழை.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நம் ஊர்களில் நிக்காஹ் நிகழும்போது மஹரையும், விருந்தையும், சாட்சிகளையும் கவனமாகப் பேசுகிறோம். மணமான ஓராண்டில் அவ்விணையரை ஒருமுறை அழைத்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் எத்தனை இடங்களில் உள்ளது? வழக்காக இல்லாமல் விருந்தாக அழைக்கலாம். கணவனிடமும் மனைவியிடமும் தனித்தனியே, அவரவர் மதிக்கும் ஒருவர் கேட்கலாம். கேட்டதைக் காக்கும் நாவடக்கம் கேட்பவருக்கு வேண்டும். ஒரு வீட்டின் துயரம் மறுநாள் தெருவில் பேசப்பட்டால் அதன்பின் எவரும் வாய்திறக்க மாட்டார். மாணவர்களும் இதனை முதியோர் விவகாரம் என்று கருதலாகாது. ஆளைக் குறை கூறாமல் செயலைச் சொல்லும் பழக்கத்தை உடன்பிறந்தாரிடமும் நண்பரிடமும் இப்போதே பயிலலாம்.

பதினெட்டு ஆண்டு வாழ்ந்து பிரிந்த அந்த இணையரிடம் அன்பு இல்லை என்று நான் கருதவில்லை. அன்பை ஒருமுறை இறக்கி வைத்துப் பார்க்கும் நாள்தான் அவர்களுக்கு இல்லாமற்போயிற்று. அன்று அந்தப் பெரியவர் பத்து ஆண்டு என்று சொன்ன கணக்கு எனக்கு மறக்கவில்லை. மணநாளை ஒட்டிய ஒரு மாலையில் நானும் என் இல்லத்தாரும் எதிரெதிரே அமர்ந்து பேசுவதை வழக்கமாக்கிக்கொண்டோம். முதலாண்டு இருவர்க்கும் கூச்சமாகவே இருந்தது. "பரீட்சை வைக்கிறீங்களா?" என்று அவர் நகைத்தார். இப்போது நாள் நெருங்கும்போது அவரே நினைவூட்டுகிறார்.

மழைக்காலம் எல்லா வீட்டிற்கும் வரும். வானம் வெளுத்திருக்கும்போதே ஒருமுறை கூரையைப் பார்த்துவிடுவது நல்லது.